பல்வலி

அந்தக் குளிர்காலம் திபிலிசியில்
மின்சாரம் நாளுக்கு நான்கு மணி நேரம்.
விளக்கு அணைவதற்குள்
லமாராவுக்கு ஒரு முகம் வேண்டும்.

கதைப்படி தகப்பன் கதவைத் திறக்கிறான்.
கட்டில் காலி. போர்வை மடித்திருக்கிறது.
மகன் விடியுமுன் போர்முனைக்குப் போய்விட்டான்.
அடுத்து, தகப்பன் முகம்.

ஆறு டேக் இருந்தன. ஆறிலும் அம்புரோசி
நன்றாக அழுதிருந்தார்.
"இவரே எல்லாவற்றையும் அழுது தீர்த்துவிட்டால்
டிக்கெட் வாங்கியவன் என்ன செய்வான்?"
லமாரா கத்தரியைக் கீழே வைத்தாள்.

நான் ஒலி உதவியாளன்.
அவள் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு இருந்ததால்
அங்கே இருந்தேன். வேறு காரணம் இல்லை.
கழிவுத் துண்டுகள் கிடக்கும் கூடையில்
கை விட்டுத் துழாவியபோது சிக்கியது அது:
"கட்" சொன்ன பிறகும் ஓடிய கேமராவில்
மதியச் சாப்பாட்டுக்குக் காத்து நிற்கும் அம்புரோசி.
மூன்று நாளாய்க் கடைவாய்ப் பல்.
கன்னத்துக்குள் சாச்சாச் சாராயத்தில் நனைத்த பஞ்சு.
எதையும் பார்க்காத கண்.

ஐம்பத்திரண்டு ஃபிரேம்.
இரண்டு நொடிக்குச் சற்று மேலே.
காலிக் கட்டிலுக்குப் பின்னால் ஒட்டினாள்.
ஓட்டினாள்.
அடுப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது.
பல்லைப் பற்றித் தெரிந்த எனக்கே
வயிற்றைப் பிசைந்தது.

"இப்போது உன் பனி" என்றாள்.
அடுத்த காட்சியில் மகன் நடக்கிறான், பனியில், தொலைவில்.
அந்தக் காலடியை முன்னால் இழுத்து
தகப்பன் முகத்தின் மேலேயே தொடங்கச் சொன்னாள்.
அந்த முகத்தைப் படம்பிடித்த அன்று
மகனாக நடித்தவன் வேறு ஊரில் இருந்தான்.
பனியோ, பழைய காலுறையில் கட்டிய
உருளைக்கிழங்கு மாவு. கட்டைவிரலால்
நறுக் நறுக்கென்று அழுத்தினேன்.
(வேலை முடிந்ததும் என் மனைவி
அதைக் கஞ்சி காய்ச்சினாள். காலம் அப்படி.)

வசந்தத்தில் அம்புரோசி இறந்துபோனார்.
இதயம்; பல் அல்ல.

படம் வெளிவர இன்னொரு குளிர்காலம் ஆயிற்று.
மிட்க்வாரி ஆற்றோரத் திரையரங்கில்
மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.
அவர்கள் விட்ட மூச்சு ஒளிக்கற்றையில் புகைந்தது.
கதவு. கட்டில். முகம்.
எங்கோ ஒருவர் விசும்பினார், பிறகு ஒரு வரிசையே.
அவரவர் வீட்டுக் காலிக் கட்டிலை
அந்த இரண்டு நொடிக்குள்
அவரவரே தூக்கி வந்து போட்டுக்கொண்டார்கள்.
மறுநாள் செய்தித்தாள் எழுதியது:
"அடக்கிய துயரம் இடது கன்னத்தில் புடைத்து நிற்கிறது."

மூன்றாம் வரிசையில் சியூரி, அவர் மனைவி,
அழவில்லை. தன் இடது கன்னத்தைத் தொட்டாள்.
வெளிவாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது பல்வலி."
"ஆமாம்."
"பஞ்சு நான் வைத்து அனுப்பியது."
கையுறையைக் கொஞ்ச நேரம் பிசைந்தாள்.
"அதற்குப் பிறகு என்ன செய்தார்?"

எந்தப் பார்வையாளரும் கேட்காத கேள்வி.
லமாரா எதையும் எறியாதவள்.
வெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த துண்டைத் தேடியெடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்:
கேமரா ஓடுவதைக் கண்டுகொள்கிறார்,
வாயைப் பிளந்து பல்லைச் சுட்டிக் காட்டுகிறார்,
சிரிக்கப் பார்த்து, வலித்து, நிறுத்துகிறார்.
பூச்சரம்போல முழம் போட்டு அளந்தேன். நாலு முழம்.
உறையில் போட்டுக் கொடுத்தேன்.
ஓட்டிப் பார்க்கும் கருவி அவளிடம் இல்லை.
சமையலறை ஜன்னலில் மேலும் கீழுமாக
ஒட்டிவைத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.
காலை வெயில் அந்தப் பக்கம்தான் விழுமாம்.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்.
கண்ணாடியில் பார்த்தேன்:
மகனை அனுப்பிவிட்டு நிற்பவன் முகம்.
எனக்கு மகன் இல்லை.
வெளியே யாரோ பனியில் நடந்து போனார்கள்.
நிஜப் பனி. காதைத் தீட்டிக் கேட்டேன்.

மாவு அளவுக்கு இல்லை.